ஏக்கம் இருக்கட்டும், கடனைப் பற்றிப் பேசுவோம்!

காஞ்சிபுரத்தில் ஒரு திரையரங்கு. 2024 ஏப்ரல் மாதத்துக் கடைசி வாரம். கத்திரி தொடங்கு முன்பே கொளுத்துகிற வெயில். வாசலிலே "அரங்கு நிறைந்தது" என்ற பலகை. உள்ளே நுழையு முன்பே காதைத் துளைக்கிறது சீழ்க்கை ஒலி.

புதிய படமோ என்று கேட்பீர்கள். அல்ல! 2004 ஏப்ரலில் வெளிவந்த "கில்லி" தான். இருபது ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 20-ஆம் நாள் மறுபடியும் திரைக்கு வந்திருந்தது. அதற்கு முதல் நாள் தான் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப் பதிவு. விரலில் வைத்த மை அழியவில்லை. அதற்குள் திரண்டுவிட்டது கூட்டம். அந்தப் படத்தின் நாயகர் பிற்பாடு எந்தத் துறைக்குச் சென்றார் என்பது வேறு கதை. இந்தக் கட்டுரைக்கு வேண்டாத கதை. கூட்டம் அதற்காக வரவில்லை.

எதற்காக வந்தது? தொலைக்காட்சியில் நூறு முறை பார்த்தாகிவிட்டது. வசனம் முழுவதும் மனப்பாடம். அடுத்து யார் அடிபடுவார், யார் ஓடுவார் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த கதையைக் காசு கொடுத்துக் காண வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. மீதிப் பேருக்குத் தொப்பை இறங்கியிருந்தது. தோளிலே தூங்கும் குழந்தையோடு நின்று கொண்டே ஆடினார் ஒருவர். அவர்கள் பார்த்தது திரையில் ஓடிய படத்தையா? இல்லை, தோழர்களே! தங்கள் பத்தொன்பதாவது வயதைப் பார்த்தார்கள்.

மறைப்பானேன்? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். நானும் சீழ்க்கை அடித்தேன். பக்கத்து இருக்கையில் என் தங்கை. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்லியே ஆகவேண்டும், இந்தக் கட்டுரையை எழுத வைத்தவளே அவள் தான்.

அவரவர் காலம் அவரவர்க்கு

"இதென்னடா பைத்தியம்! பழைய சினிமாவுக்கு இத்தனைக் கூத்தா?" என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் அவர்களை ஓர் ஓரமாக உட்கார வைத்து, "ஒரு தலை ராகம்" என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். 1980-இல் வந்த அந்தப் படத்தின் பெயரைக் கேட்டதும் என் பெரியப்பாவின் கண்ணிலே ஒரு மினுமினுப்பு! ரயிலில் கல்லூரிக்குப் போனதும், கதாநாயகனைப் போலவே தாடி வளர்த்ததும், பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்துத் தொண்ணூறு நிமிடக் காசெட்டில் பதிந்து வாங்க ஒரு வாரம் காத்திருந்ததும், வரிசையாக வந்து விழும். அவருக்கும் முந்தியவர்களைக் கேட்டால் இலங்கை வானொலி என்பார்கள். தேநீர்க் கடை வாசலில் நின்றே பாட்டுக் கேட்ட கதையைச் சொல்வார்கள்.

ஆக, இளமைக்கால நினைவில் உருகுவது இந்தத் தலைமுறை கண்டுபிடித்த நோய் அல்ல. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு கொட்டகை உண்டு, ஒரு பாட்டு உண்டு, ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு.

என் தலைமுறையின் கதையைக் கேளுங்கள். 2004-இல் நான் கல்லூரியில் சேர்ந்தேன். 2007-இல் வெளியே வந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பட்டுத் தறி நெய்பவர். எங்கள் தெருவிலே விடியலில் கேட்கும் ஓசை தறியோசை தான். அந்த ஓசையைத் தாண்டி, சலுகைப் பஸ் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, படிக்கட்டில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்கிப் போன நாள்கள் அவை. தொங்கியது தவறு, இன்று என் மகன் தொங்கினால் முதுகில் வைப்பேன். அன்று அது வீரம்!

2004! என்ன ஆண்டு அது! "ஆட்டோகிராஃப்" அந்த ஆண்டு. "7ஜி ரெயின்போ காலனி" அந்த ஆண்டு. "கில்லி" அந்த ஆண்டு. ஆண்டு முடிகிற நேரத்தில் வந்து, எங்கள் சிரிப்பையெல்லாம் அடக்கி, வாய் பேசாமல் வீடு திரும்ப வைத்த "காதல்" படமும் அதே ஆண்டு. முப்பது ரூபாய்க்கு ஓர் எம்பி3 தட்டு. அதிலே நூற்றைம்பது பாட்டு. விடுதி நண்பன் ஒருவன் வாங்குவான். பத்து அறைக்கு அது சுற்றி வரும். திரும்பி வரும்போது கீறல் விழுந்து, பாதிப் பாட்டில் திக்கும். அந்தத் திக்கலோடு சேர்த்தே பாட்டை மனப்பாடம் செய்தோம். இன்று திக்காமல் அதே பாட்டைக் கேட்டால் ஏதோ குறைகிறது.

பிறகு வந்தது கைப்பேசி. நோக்கியா 1100! தலையிலே விளக்கு, உள்ளே பாம்பு விளையாட்டு, கீழே போட்டாலும் உடையாத உடம்பு. உலகம் முழுவதும் 25 கோடி விற்றது என்பார்கள். எங்கள் வகுப்பில் அறுபது பேருக்கு நாலு இருந்தது! பத்து ரூபாய்க்குப் பணம் ஏற்றினால் அதைப் பத்து நாள் ஓட்டவேண்டும். எப்படி ஓட்டுவது? "மிஸ்டு கால்" என்றொரு மொழியையே படைத்தோம். ஒரு மணி அடித்தால் "புறப்பட்டுவிட்டேன்." இரண்டு மணி என்றால் "வந்து சேர்ந்தேன்." மூன்று மணி என்றால் "பேராசிரியர் வந்துவிட்டார், உடனே வகுப்புக்கு வா!" எடுத்துப் பேசிவிட்டால் அவன் எதிரி. குறுஞ்செய்திச் சலுகை அட்டை போட்டு இரவெல்லாம் அனுப்பிய செய்திகள்! பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் சலுகை செல்லாது. அன்றைக்குக் காசு பிடிப்பார்கள். ஆகவே எங்கள் பொங்கல் வாழ்த்து போகி அன்றே போய்ச் சேர்ந்துவிடும்.

கணினி மையத்தில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, "ஆர்குட்" என்ற பக்கத்தில் நண்பனுக்குப் பாராட்டுரை எழுதினோம். அவன் பதிலுக்கு எழுதினான். இருவருமே பொய் எழுதினோம், இருவருமே மகிழ்ந்தோம்!

இனித்தது எது?

இவ்வளவையும் ஏன் சொன்னேன்? இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உதறிப் பார்க்கத்தான். கைப்பேசியா இனித்தது? இன்று அதைவிட ஆயிரம் மடங்கு வல்லமை கொண்ட கருவி கையிலே இருக்கிறது, இனிக்கவில்லையே! பாட்டா இனித்தது? அதே பாட்டு இன்று ஒரு விரல் தட்டலில் வருகிறது. வந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறோமே!

இனித்தவை இரண்டு, தோழர்களே.

ஒன்று, நேரம். மூன்று ஆண்டு, "இன்றைக்கு எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று யாரும் கேட்காத நேரம். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு அது எத்துணை பெரிய கொடை என்று எண்ணிப் பாருங்கள். என் அப்பாவுக்குப் பத்தொன்பது வயதில் அது இல்லை. பாட்டனாருக்கு ஒன்பது வயதிலேயே இல்லை. கல்லூரி வேப்பமரத்தடியில் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கும் உரிமை, எங்கள் பரம்பரையிலே முதன்முதலாக எனக்குத் தான் வாய்த்தது.

மற்றொன்று, சமம். ஊரிலே தெரு எங்களைப் பிரித்து வைத்திருந்தது. இந்தத் தெருக்காரன் அந்தத் தெருவில் தண்ணீர் கேட்கத் தயங்குவான். கல்லூரியிலோ ஒரே பெஞ்சு. ஒருவன் கொண்டு வந்த புளிச்சோற்றில் ஐந்து கை விழும். எந்தக் கை எந்தத் தெருவுடையது என்று பார்க்க நேரமில்லை; பார்த்தால் சோறு தீர்ந்துவிடும்! எல்லாக் கல்லூரியிலும் எல்லா நாளும் இப்படி இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். விடுதியிலே சாதி பார்த்து அறை மாற்றிக் கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் ஊரில் கிடைக்காத ஒரு காற்று அங்கே வீசிற்று. அதை ஒரு முறை மூச்சிழுத்தவன் அப்புறம் மறப்பதில்லை.

படத்தையும் பாட்டையும் கைப்பேசியையும் பிடித்துக் கொண்டு நாம் அழுவது, உண்மையில் இந்த நேரத்துக்காகவும் இந்தச் சமத்துக்காகவும் தான். அவற்றுக்குப் படம் கிடையாது, பாட்டு கிடையாது. ஆகையால் பக்கத்தில் இருந்த படத்தின் மேலும் பாட்டின் மேலும் பாசத்தை ஏற்றி வைத்திருக்கிறோம். வணிகர்கள் இதைத் தெரிந்து கொண்டார்கள். பழைய படத்தைத் தூசி தட்டித் திரையிடுகிறார்கள். பழைய பாட்டை விளம்பரத்திலே ஒலிக்க வைக்கிறார்கள். நம் இளமையை நமக்கே விற்கிறார்கள். நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம். வாங்குவதில் குற்றமில்லை. வாங்கிய பிறகு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

தங்கை கேட்டாள்

அன்று இடைவேளையில், பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரித்துக் கொண்டே கேட்டாள் என் தங்கை:

"அண்ணா, இந்தப் படம் வந்தப்போ நீ எத்தனை தடவை பார்த்தே?"

"நாலு தடவை" என்றேன், பெருமையோடு.

"நான் தியேட்டர்ல பார்க்கிறது இதுதான் முதல் தடவை" என்றாள்.

குத்திக் காட்டச் சொல்லவில்லை அவள். இயல்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பாப்கார்னை என்னிடம் நீட்டினாள். எனக்குத் தான் தொண்டையில் இறங்கவில்லை.

என்னைவிட ஒரு வயது இளையவள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு நான் வாங்கியது 871. அவள் வாங்கியது 1004. கணிதத்தில் நூற்றுக்கணக்கு, சுற்றியிருந்த பள்ளிகளில் பேர் சொல்லும்படியான மதிப்பெண். ஆனால் அப்போது அப்பாவின் தறிக் கூலி ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பத்தான் போதும். எந்தப் பிள்ளை என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழவே இல்லை. பட்டிமன்றம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. நான் ஆண், முன்பே சேர்ந்துவிட்டவன். அவள் ஓர் ஆண்டு வீட்டில் இருந்து தார் சுற்றினாள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினெட்டு வயது.

விடியற்காலை நாலரை மணிக்குத் தெரு முனையில் கம்பெனிப் பேருந்து நிற்கும். நான் போர்வையை இழுத்து மூடிக் கொள்ளும் நேரத்தில் அவள் தலைவாரிக் கொண்டிருப்பாள். முதல் மாதச் சம்பளம் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலே என் கடைசி ஆண்டுத் தேர்வுக் கட்டணம் போயிற்று. தவறிய ஒரு பாடத்துக்கு மறுபடியும் கட்டிய கட்டணமும் போயிற்று. என் கைப்பேசிக்கு ஏற்றிய பத்து பத்து ரூபாய்? அதுவும் அவளுடையது தான். மிஸ்டு கால் மொழி என்று பெருமை பேசினேனே, அந்த மொழிக்கு மையும் தாளும் வாங்கித் தந்தவள் அவள்!

"உனக்கு அந்தக் காலத்து ஞாபகம் ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன். சிரித்தாள். "ஏன் இல்லாம? பஸ்ல எஃப்எம் போடுவாங்க. விடிகாலை இருட்டுல பாட்டு. நாங்க நாற்பது பொண்ணுங்க. பாட்டு முடியறதுக்குள்ள பாதிப் பேர் தூங்கிடுவோம். முழுப் பாட்டு ஒண்ணுகூடக் கேட்டதில்லை. இப்பவும் எந்தப் பாட்டைக் கேட்டாலும் பாதியிலே தூக்கம் வருது, அண்ணா!"

தோழர்களே, இதுவும் ஓர் இளமைக்கால நினைவு தான். ஆனால் இதை வைத்து யார் படம் எடுத்தார்? இதற்கு எந்த அரங்கு நிறைந்தது?

இரண்டு மூடல்கள்

ஒரு செய்தியைக் கவனியுங்கள். நாம் பாராட்டுரை எழுதிய ஆர்குட் 2004 ஜனவரியில் பிறந்தது. 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் மூடப்பட்டது. அன்று நம் நண்பர்கள் எழுதிய இரங்கலுக்கு அளவில்லை. "இளமையின் ஒரு அறை பூட்டப்பட்டது" என்ற தோரணையில் எழுதியவர்கள் எத்தனை பேர்! நானும் நாலு வரி எழுதினேன்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, 2014 நவம்பர் 1-ஆம் நாள், மற்றொன்று மூடப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா ஆலை. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை. உச்ச காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்தும் தொலைவான மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியது. வரித் தகராறில் சிக்கியிருந்த இந்த ஆலை அந்தப் பேரத்தில் சேரவில்லை. வேலை குறைந்தது. ஆயிரக்கணக்கானோர் "விருப்ப ஓய்வு" பெற்று வெளியேறினர். இருபத்தைந்து வயதில் ஓய்வு! விருப்பத்தோடு! சொற்களுக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

நாம் வேப்பமரத்தடியில் கைப்பேசியில் பாம்பை ஓட்டிக் கொண்டிருந்த ஆண்டுகளில், நம் வயதுப் பெண், நம் ஊர்ப் பெண், வரிசையில் நின்று கைப்பேசிகளைப் பூட்டிக் கொண்டிருந்தாள். ஒரு வலைப்பக்கம் மூடியதற்கு நாம் அழுதோம். அவள் ஆலை மூடியதற்கு எத்தனை வரி எழுதினோம்? நான் ஒரு வரியும் எழுதவில்லை. அதைத் தான் அன்று அந்த அரங்கில் என் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து நினைத்துக் கொண்டேன்.

ஏக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஏக்கம் பாதி உண்மை என்கிறேன். நம் வேப்பமரத்து நிழல் நினைவிருக்கிறது. அந்த நிழலுக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள் நினைவில் இல்லை. மீதிப் பாதியையும் சேர்த்து நினைத்தால் தான் அது முழு நினைவு.

கதவு தானாகத் திறந்ததா?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். என்னைப் போன்றவனுக்குக் கல்லூரிக் கதவு தானாகத் திறந்து கொண்டதா?

1951 ஏப்ரலில், கல்லூரி இடங்களைப் பல பிரிவினர்க்கும் பகிர்ந்தளித்த சென்னை மாநில வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதே தமிழகம் கொதித்துத் தெருவுக்கு வந்துவிட்டது. அதே 1951 ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. கல்வியில் பின்தங்கியோர்க்குச் சிறப்பு வழி செய்ய இடம் பிறந்தது. அன்று ஊர்வலம் போனவர்களில் எத்தனையோ பேர் தாம் கல்லூரியைக் கண்ணால் காணாதவர்கள். தம் பிள்ளை காணட்டும் என்று நடந்தவர்கள்.

என் காலத்திலேயே ஒன்று நடந்தது. பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு இருந்த நுழைவுத் தேர்வை நீக்கத் தமிழ்நாடு 2006-இல் சட்டம் செய்தது; 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நகரத்துப் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வழி காட்டிற்று. மருத்துவப் படிப்புக்கு அந்த வழி நீட் தேர்வால் 2017-இல் அடைபட்டது என்பது தனியே பேச வேண்டிய கதை.

நான் சொல்ல வந்தது இது: நாம் அனுபவித்த அந்த மூன்று ஆண்டு, யாரோ கட்டிய கட்டணம். முகம் தெரியாத ஊர்வலக்காரர் ஒரு பங்கு கட்டினார். தறியில் குனிந்த அப்பா ஒரு பங்கு கட்டினார். நாலரை மணிப் பேருந்தில் ஏறிய தங்கை ஒரு பங்கு கட்டினாள். பிறர் கட்டணத்தில் படித்தவனுக்கு ஏக்கம் மட்டும் போதுமா? கடன் ஒன்று இருக்கிறதே!

இன்றைய கணக்கு

"இப்போது தான் எல்லாரும் படிக்கிறார்களே!" என்று ஒரு நண்பர் சொன்னார். கணக்கைப் பார்ப்போம். அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கைப்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோரை வைத்துக் கணக்கிடும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47. நாடு முழுவதற்கும் சேர்த்து 28.4 தான். நாம் முன்னே நிற்கிறோம், பெருமை தான். ஆனால் 47 என்றால் என்ன? நூறு இளைஞரில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வேப்பமரத்தடி இல்லை என்று பொருள். அவர்கள் தாம் இன்று நம் வாசலுக்குச் சோறு கொண்டு வருகிறார்கள். நம் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். கடையிலே நம் துணியை மடித்து வைக்கிறார்கள். நாம் "கல்லூரிக் காலம் போல வருமா!" என்று பெருமூச்சு விடும்போது அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் கல்லூரிக்குப் போய்விட்டால் ஆலையில் வேலை பார்ப்பது யார்?" என்றும் கேட்கிறார்கள். கேட்பவர் தம் மகளை ஆலைக்கு அனுப்பி வைத்துவிட்டுக் கேட்கட்டும், பதில் சொல்கிறேன். ஆலை வேலை இழிவல்ல. படித்துவிட்டு ஆலைக்குப் போகட்டும். ஆலைக்குப் போய்க் கொண்டே படிக்கட்டும். படிக்கும் வாய்ப்பே இல்லாமல் போகவேண்டும் என்பது தான் இழிவு.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. சின்னதாக மூன்று சொல்கிறேன்.

முதலாவது: நம் வகுப்புத் தோழர்கள் ஆண்டுக்கொரு முறை கூடுகிறோம். ஒரே நிறச் சட்டை, பிரியாணி, புகைப்படம், பழைய பாட்டு. கூடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடும் நாளில் அந்தக் கல்லூரியின் அலுவலகத்துக்குள்ளும் நுழையுங்கள். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் இந்தப் பருவத்தில் நின்று போனவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரு சட்டைக் காசில் ஒருவரின் கட்டணம் அடங்கிவிடும். முதல்வருக்கு மாலை போடுவதைவிட அது நல்ல மாலை.

இரண்டாவது: கல்லூரி நாளைப் பற்றி நாம் எழுதிக் குவித்துவிட்டோம். கம்பெனிப் பேருந்து நாளைப் பற்றி அதில் ஏறியவர்கள் எழுதட்டும். எழுதத் தயங்கினால் நாம் கேட்டு எழுதுவோம். ஆலை வாசலும், வாடகை அறையில் எட்டுப் பெண்கள் சமைத்த சாம்பாரும், முதல் சம்பளத்தில் தாய்க்கு வாங்கிய புடவையும் இந்த நாட்டின் இளமைக் கதை தான். அதற்கும் ஓர் அரங்கு நிறையட்டும்.

மூன்றாவது: நம் வீட்டிலேயே தேடிப் பார்ப்போம். நமக்காகப் படிப்பை விட்டவர் யாராவது அங்கே இருப்பார். அக்காவாக, தங்கையாக, சில வீடுகளில் அம்மாவாக. "இனிமேல் என்ன படிப்பு?" என்று அவர்களே சொல்வார்கள். நம்பாதீர்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலேயே தோன்றிவிட்டது. வேலைக்குப் போவோரும் வீட்டில் இருப்போரும் படித்துப் பட்டம் பெற வழி இருக்கிறது. வழி இருப்பதை அவர்களுக்குச் சொல்வதும், விண்ணப்பத்தை வாங்கி வருவதும், படிக்கிற ஒரு மணி நேரம் அடுப்படியை நாம் பார்த்துக் கொள்வதும் தான் பாக்கி. அந்த மூன்றாவது தான் கொஞ்சம் கடினம், ஆண்களே!

படம் முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. வெளியே வந்தோம். வண்டியை எடுக்குமுன் தங்கையிடம் கேட்டேன்: "கணக்குப் படிக்கிறியா?"

"யாருக்கு? என் பொண்ணுக்கா?" என்றாள்.

"உனக்கு."

பேசவில்லை அவள். வீடு வரும் வரையிலும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் கேட்டாள்: "செமஸ்டருக்கு எவ்வளவு ஆகும், அண்ணா?"

பதினேழு ஆண்டுக்கு முன் நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது: "என் செமஸ்டருக்கு உனக்கு எவ்வளவு ஆயிற்று?" கேட்கவில்லை. இப்போது பதில் சொல்லும் முறை என்னுடையது. விண்ணப்பத்தை வாங்கி வந்து நிரப்பினோம். அவள் பழைய மதிப்பெண் பட்டியலை, திருமணப் பட்டுப் புடவையின் மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். 1004 என்ற எண் இன்னும் மங்கவில்லை.

முதல் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். தோழர்களே, அதை உதவி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கடனில் முதல் தவணை!